தெபெயாக் குன்றில் அன்னை யாரிடம் பேசினார்? குவாதலூப்பே காட்சியும் மெக்சிகோவின் பூர்வகுடி மக்களின் நம்பிக்கையும்

மறைக்கல்வி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மெக்சிகோவில் காட்சி தந்ததாகப் போற்றப்படும் அன்னை மரியாவாகிய குவாதலூப்பே அன்னையின் விழா டிசம்பர் 12 அன்று வருகிறது. அதை ஒட்டி எங்கள் பங்கின் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. ஆண்டுதோறும், ஆயரிடம் அடையாளமாகக் கொண்டுபோன ரோஜாப் பூக்களையும், அவற்றைச் சுமந்த மேலாடையில் பதிந்த அன்னையின் உருவத்தையும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வேன். இந்த ஆண்டு அந்தக் கதையின் பழைய வடிவத்தை மொழிபெயர்ப்பில் முழுமையாகப் படித்தபோது, அதன் உயிரான பகுதியை இத்தனை காலமும் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டேனே என்று மனம் வருந்தியது.

1521 ஆகஸ்ட் 13 அன்று அஸ்தெக் மக்களின் தலைநகரமான தெனோச்தித்லான், அதாவது இன்றைய மெக்சிகோ நகர், ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பெரியம்மை நகருக்குள் புகுந்து எண்ணற்றவர்களைக் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1531 டிசம்பர் 9 விடியற்காலையில், நகருக்கு வடக்கே இருந்த தெபெயாக் குன்றின் அடிவாரத்தில், மரபுப்படி ஐம்பது வயதைக் கடந்துவிட்ட, நஹுவாத் மொழி பேசும் பூர்வகுடியான நஹுவா மனிதர் ஒருவர் மறைக்கல்வி கேட்பதற்காக நடந்து போய்க்கொண்டிருந்தார். திருமுழுக்கில் அவர் பெற்ற பெயர் ஹுவான் தியேகோ. பிறந்தபோது இடப்பட்ட பெயர் குவாவுத்லாதோவாட்சின், அதாவது கழுகைப் போலப் பேசுபவர். குன்றின் மேலிருந்து பெண்குரல் ஒன்று அவரைப் பெயர் சொல்லி அழைத்தது. தனக்கு இங்கே ஒரு கோவில் எழும்ப வேண்டும் என்பதை ஆயர் ஹுவான் தே சுமாராகாவிடம் போய்ச் சொல்லுமாறு அன்னை அவரைக் கேட்டுக்கொண்டார்.

போனார். காத்திருக்க வைத்தார்கள். பிறகு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த ஹுவான் தியேகோ அன்னையிடம் சொன்ன மறுமொழிதான் என்னை நிறுத்தியது. நான் வெறும் வயல்வெளி மனிதன், நான் சுமை கட்டும் கயிறு, முதுகில் சுமக்கும் மரச்சட்டம், நான் வால், நான் சிறகு, என்னையே பிறர் வழிநடத்த வேண்டியிருக்கிறது, ஆகவே மதிப்பும் பெயரும் உள்ள ஒரு பெருமகனை இந்த வேலைக்கு அனுப்புங்கள் என்று அவர் மன்றாடுகிறார். எனக்குப் பணியாளர்களுக்குக் குறைவில்லை, ஆனாலும் நீயேதான் போக வேண்டும் என்று அன்னை பதில் சொல்கிறார்.

வென்றவர்கள் கையில் எல்லாம் போய்விட்ட ஒரு நிலத்தில், வென்றவர்களின் ஆயரிடம் தூது போவதற்குத் தோற்றவர்களுள் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். மெக்சிகோவின் பூர்வகுடி மக்களுக்கு இந்தக் காட்சி இவ்வளவு நெருக்கமானதாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். அறிந்தவர்கள் கருத்துச் சொன்னால் வகுப்பை அதற்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்வேன்.

வரலாற்று மாணவன்:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நானும் கத்தோலிக்கன்தான், அன்னையிடம் பக்தி உள்ளவன். ஆயினும் வகுப்பில் சொல்லப்படுவது வரலாறாகச் சொல்லப்படுமானால் சில செய்திகளை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆயர் சுமாராகா எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பவை எவற்றிலும் இந்தக் காட்சியைப் பற்றிய குறிப்பு இல்லை. அந்தக் காலத்தில் பெருந்திரளாக நடந்த திருமுழுக்குகளைப் பற்றி விரிவாக எழுதிய பிரான்சிஸ்கன் துறவி மோத்தொலினியாவும் இதைக் குறிப்பிடவில்லை. 1556-இல் தெபெயாக்கில் ஒரு சிற்றாலயமும் அதில் அன்னையின் படமும் பக்தர் கூட்டமும் இருந்தது மட்டும் உறுதி. ஏனெனில் அதைப் பற்றி ஒரு பெரிய பூசலே நடந்தது. பேராயர் மோந்தூஃபார் அந்தப் பக்தியை ஆதரித்து மறையுரை ஆற்ற, பிரான்சிஸ்கன் சபையின் மாநிலத் தலைவர் புஸ்தமாந்தே அதைக் கண்டித்து, அந்தப் படம் மார்கோஸ் என்னும் பூர்வகுடி ஓவியர் வரைந்தது என்று மேடையிலேயே சொன்னார். காட்சியின் கதை அச்சில் வந்தது 1648-இல் மிகேல் சான்சேஸ் ஸ்பானிய மொழியில் எழுதியபோதுதான். அதற்கு அடுத்த ஆண்டு லாசோ தே லா வேகா நஹுவாத் மொழியில் அதை வெளியிட்டார். இருவருமே மெக்சிகோவில் பிறந்த ஸ்பானிய வழிவந்த குருக்கள். ஸ்டாஃபர்ட் பூல் என்னும் குருவும் வரலாற்றாசிரியருமான அறிஞர், இந்தப் பக்தியை முதலில் வளர்த்தெடுத்தவர்கள் அந்த வகுப்பினரே என்றும், பூர்வகுடி மக்களிடையே அது பின்னால்தான் பரவியது என்றும் வாதிட்டார்.

எனவே காட்சி நடந்த சில ஆண்டுகளில் எண்பது இலட்சம் பேர் அதனாலேயே மனம் மாறினார்கள் என்று பல பக்தி இதழ்களில் அச்சாகும் செய்தியைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். திருமுழுக்குகள் மிகப் பெரிய எண்ணிக்கையில் நடந்தன. அவை இந்தக் காட்சியால் நடந்தன என்பதற்கு அக்காலத்துச் சான்று இல்லை.

நஹுவாத் மொழி வாசகர்:

தம்பி சொன்ன ஆண்டுகளும் பெயர்களும் சரியானவை. எண்பது இலட்சக் கணக்கை விட்டுவிடலாம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் யார் அச்சிட்டார் என்ற கேள்வியோடு அந்த நூலை மூடிவைத்துவிட முடியாது. அதன் மொழியைக் கேட்க வேண்டும்.

அந்த உரை தன் முதல் சொற்களாலேயே நிகான் மொபோஹுவா என்று அழைக்கப்படுகிறது. இங்கே எடுத்துரைக்கப்படுகிறது என்பது அதன் பொருள். அதை இயற்றியவர் அஸ்கபோட்சால்கோவைச் சேர்ந்த அந்தோனியோ வலேரியானோ என்பது நெடுநாள் மரபு. அவர் 1536-இல் தொடங்கப்பட்ட தெலாத்தெலோல்கோ கல்லூரியில் இலத்தீன் படித்துத் தேர்ந்தவர். நஹுவா மக்களின் வாழ்வைப் பதிவுசெய்த துறவி சஹாகூனின் மாபெரும் தொகுப்புப் பணிக்குத் துணைநின்ற பூர்வகுடி அறிஞர். மெக்சிகோ வரலாற்றாசிரியர் மிகேல் லியோன் போர்தில்லா இந்த மரபை ஏற்றார். அந்த உரையை ஆங்கிலத்தில் பெயர்த்த பூல் உள்ளிட்டோர் லாசோ தே லா வேகாவையே ஆசிரியராகக் கண்டார்கள். இந்த வழக்கு முடிவதற்குக் காத்திருக்காமல் நாம் கவனிக்கக்கூடியவை பல உண்டு.

கதை பறவைகளின் பாட்டோடு தொடங்குகிறது. அதைக் கேட்ட ஹுவான் தியேகோ, நம் முன்னோர் சொல்லிவைத்த பூக்களின் நிலத்துக்கு, நம்மை ஊட்டி வளர்க்கும் உணவின் நிலத்துக்கு நான் வந்துவிட்டேனா என்று வியக்கிறார். கதை முடிவதோ பூக்களில். பூவும் பாட்டும் என்ற இணைச்சொல் நஹுவா மக்களிடம் கவிதையையும் மெய்யான சொல்லையும் குறித்து வந்தது. பாட்டில் தொடங்கிப் பூவில் முடியும் ஒரு செய்தியை அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். டிசம்பர் மாதக் குளிரில் பூத்த ரோஜா என்ற அற்புதம் ஆயருக்கு வேண்டிய அடையாளம். ஆயரின் வீட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குப் பூவே போதுமான பேச்சு.

அன்னை தன்னை மெய்க் கடவுளின் தாய் என்று அறிமுகம் செய்துகொள்ளும்போது, கடவுளைக் குறிக்க ஸ்பானியர் கொண்டுவந்த தியோஸ் என்ற சொல்லோடு, யாரால் நாம் உயிர் வாழ்கிறோமோ அவர், மனிதரைப் படைத்தவர், அண்மையிலும் அருகிலும் இருப்பதன் தலைவர், வானத்துக்கும் மண்ணுக்கும் உடையவர் என்ற பெயர்களையும் சேர்த்தே சொல்கிறார். இவை வெற்றிக்கு முன்பே நஹுவா மக்கள் தங்கள் வழிபாட்டில் வழங்கிய பெயர்கள். அழிக்கப்பட வேண்டியவை என்று எத்தனையோ முன்னோர் நூல்கள் எரிக்கப்பட்ட காலத்தை நினைவில் கொண்டு இதை வாசிக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு மட்டும் எளிதில் விளங்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நஹுவாத் மொழியில் ட்சின் என்ற விகுதி மதிப்பையும் செல்லத்தையும் ஒருங்கே உணர்த்தும். அன்னை அவரை ஹுவான்ட்சின் என்று அழைப்பதை ஐரோப்பிய மொழிகள் குட்டி ஹுவான் என்று பெயர்த்துப் பாதியை இழந்துவிட்டன. மேலும் அன்னை அவரைத் தன் கடைசிப் பிள்ளை என்கிறார்; அவரோ அன்னையைத் தன் இளைய மகளே என்று விளிக்கிறார். வயதில் மூத்தவர் சிறு பெண்ணையும் அம்மா என்று வாய்நிறைய அழைக்கும் வழக்கமுள்ள நமக்கு இதில் ஒரு முரணும் தெரியாது. அதிகாரத்தின் முன் குனிந்து நிற்பவர் பேசும் பேச்சன்று இது. வீட்டுக்குள் புழங்கும் பேச்சு.

ஓய்வுபெற்ற குரு:

மூவரும் எழுதியவற்றை வாசித்து மகிழ்ந்தேன். முதலில் திருச்சபையின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அன்னையின் காட்சிகள் தனி வெளிப்பாடுகள் என்ற வகையைச் சேர்ந்தவை. திருச்சபை ஏற்பளித்த காட்சியைக்கூட விசுவாசத்தின் கூறாக ஏற்கும்படி யாரையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே தம்பியின் ஆய்வு அவருடைய பக்திக்குக் குறைவன்று.

குன்றைப் பற்றிய ஒரு கடினமான செய்தியை யாரும் தொடவில்லை. தெபெயாக்கில் முன்பு தொனான்ட்சின் என்ற தாய்த்தெய்வத்தின் வழிபாடு இருந்தது. நம் போற்றற்குரிய தாய் என்பதே அச்சொல்லின் பொருள். சஹாகூன் 1576-இல் மிகுந்த கவலையோடு எழுதினார்: மக்கள் முன்பு வந்ததைப் போலவே தொலைதூரங்களிலிருந்து வருகிறார்கள், மறையுரையாளர்களே மரியாவைத் தொனான்ட்சின் என்று சொல்லிவிடுகிறார்கள், கடவுளின் தாய் என்று பொருள்படும்படி தியோஸ் இனான்ட்சின் என்றல்லவா சொல்ல வேண்டும், பழைய வழிபாடு புதிய பெயரின் கீழ் ஒளிந்துகொண்டிருக்கிறது என்றார். அவர் நஹுவா மக்களின் மொழியையும் பண்பாட்டையும் அவரளவுக்கு அறிந்தவர் அரிது என்று சொல்லத்தக்க துறவி. அவருடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும், தாய் என்ற சொல்லை அந்த மக்கள் வேறு எந்தச் சொல்லால் சொல்லியிருக்க முடியும் என்று என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நெஞ்சை உறுத்தும் மற்றொன்றையும் ஒரு குருவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1555-இல் கூடிய மெக்சிகோ ஆயர்களின் முதல் மாநிலச் சங்கம் பூர்வகுடியினருக்கும் கலப்பினத்தவருக்கும் குருப்பட்டம் தரலாகாது என்று விதித்தது. இலத்தீனில் புலமை பெற்ற வலேரியானோ போன்றவர்களுக்கும் பலிபீடத்தின் முன் நிற்க வழியில்லை. வாலும் சிறகும் ஆகிய பொதுமக்களைத் தேடி அன்னை வந்தார் என்று நாம் பாடுகிறோம். அவர்களுடைய கைகளில் அப்பத்தை எடுத்துக் கொடுப்பதற்கு நாம் எத்தனை காலம் எடுத்துக்கொண்டோம்!

நூலகர்:

தந்தை அவர்கள் மனம் திறந்து எழுதியதால் எனக்கும் துணிவு வந்தது. பூர்வகுடி மக்களுக்கு அன்னை காட்சி தந்த கதைகளைப் பேசும்போது, ஏற்றுக்கொள்ளப்படாத கதையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1712-இல் மெக்சிகோவின் தெற்கே, இன்றைய சியாபாஸ் மாநிலத்தின் மலைப்பகுதியில் உள்ள கன்குக் என்ற, செல்தால் பூர்வகுடியினர் வாழும் ஊரில், மரியா தே லா கந்தெலாரியா என்று பின்னர் அழைக்கப்பட்ட ஓர் இளம்பெண் தனக்கு அன்னை தோன்றி ஓர் ஆலயம் கட்டச் சொன்னதாக அறிவித்தாள். ஹுவான் தியேகோ சொன்ன அதே செய்தி. ஊரார் ஆலயத்தை எழுப்பினார்கள். திருச்சபை அதிகாரிகள் அதை ஏமாற்று என்று ஒதுக்கி, இடித்துவிட ஆணையிட்டார்கள். அப்போது அம்மக்கள் வரிச்சுமையாலும், ஆயர் ஊர்சுற்றி வரும்போதெல்லாம் கட்ட வேண்டியிருந்த காணிக்கைகளாலும் நசுங்கிக் கிடந்தார்கள். பல ஊர்கள் திரண்டு எழுந்தன. எழுந்தவர்கள் தங்களைக் கன்னியின் படைவீரர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் தங்களுக்குள்ளேயே குருக்களை ஏற்படுத்தித் திருப்பலி நிறைவேற்றினார்கள் என்பதுதான் தந்தையின் பதிவைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது. மறுக்கப்பட்ட அந்தக் குருத்துவத்தை அவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். எழுச்சியில் குருக்களும் ஸ்பானியரும் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஸ்பானியப் படை கன்குக்கைக் கைப்பற்றி எழுச்சியைக் கொடுமையாக அடக்கியது. அந்தப் பெண் காடுகளில் மறைந்து வாழ்ந்து 1716-இல் பிள்ளைப்பேற்றில் இறந்தாள்.

காட்சி மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஹுவான் தியேகோவை ஆயர் இரண்டு முறை திருப்பி அனுப்பிய பிறகும் கதை நல்லபடியாக முடிந்தது. கன்குக்கில் அப்படி முடியவில்லை. அந்த மலைமக்கள் தங்களிடமும் அன்னை பேசுவார் என்று நம்பினார்கள் என்பது மட்டும் எனக்கு ஐயமற விளங்குகிறது.

ஓய்வுபெற்ற குரு:

நூலகர் அம்மா, இந்த வரலாற்றை நான் அறிந்திருந்தும் எழுதத் தயங்கினேன். கொலைகளோடு கலந்துவிட்ட ஒன்றைத் திருச்சபை ஏற்க முடியாது என்பது உண்மை. ஆனால் எழுச்சிக்கு முன்னால் அந்தப் பெண்ணின் பேச்சை யாரேனும் பொறுமையோடு உட்கார்ந்து கேட்டார்களா என்பது வேறு கேள்வி; அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அதே சியாபாஸில் பின்னால் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சான் கிறிஸ்தோபால் தே லாஸ் காசாஸ் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த சாமுவேல் ரூயிஸ், மணமான பூர்வகுடி ஆண்கள் பலரைத் திருத்தொண்டர்களாகத் திருநிலைப்படுத்தினார். உரோமை அதைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, 2014-இல் மீண்டும் அனுமதித்தது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே சென்று பூர்வகுடி மக்களோடு திருப்பலி நிறைவேற்றி, ரூயிஸின் கல்லறையிலும் செபித்தார். 2024 நவம்பரில் செல்தால், சோட்சில் முதலிய மொழிகளில் திருப்பலி நடைபெறும்போது சடங்கு நடனத்துக்கும், பெண்கள் தூபம் காட்டுவதற்கும், ஊர்ப் பெரியவர்கள் சில மன்றாட்டுகளை வழிநடத்துவதற்கும் வத்திக்கான் ஒப்புதல் வழங்கியது. கன்குக்கிலிருந்து எண்ணினால் 312 ஆண்டுகள்.

மறைக்கல்வி ஆசிரியை:

நான் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கற்றுக்கொண்டேன். நூலகர் அக்கா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பெரிய பிள்ளைகளுக்கு அதையும் சொல்லப்போகிறேன்.

ஓர் ஐயம். 2002 ஜூலை 31 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மெக்சிகோ நகரின் குவாதலூப்பே பெருங்கோவிலில் ஹுவான் தியேகோவுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அந்த நேரத்தில் வெளியிடப்பட்ட படத்தில் அவர் தாடியோடு ஐரோப்பியர் போன்ற தோற்றத்தில் இருந்தார் என்று பலர் வருத்தப்பட்டதாக அறிகிறேன். எங்கள் வகுப்பில் தொங்குவதும் அதுபோன்ற படமே. மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். தம்பி, ஹுவான் தியேகோ வாழ்ந்தாரா என்பதே உறுதியில்லை என்று பெருங்கோவிலின் தலைமைக் குருவே சொன்னாராமே, அது உண்மையா? பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வது?

வரலாற்று மாணவன்:

உண்மைதான் அம்மா. கில்லெர்மோ ஷூலென்பர்க் அப்படிச் சொன்னது 1996-இல் வெளியில் தெரிந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவர் பதவி விலகினார். அதற்குப் பின் திருச்சபை மேலும் ஆராய்ந்தே புனிதர் பட்டம் வழங்கியது. பிள்ளைகளிடம், அக்காலத்து எழுத்துச் சான்றுகள் குறைவு, திருச்சபை வாய்மொழி மரபையும் சேர்த்து எடைபோட்டு அவரைப் புனிதராக ஏற்றிருக்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

நானும் ஓரிடத்தில் மாறியிருக்கிறேன். ஸ்பானிய வழியினர் வளர்த்த பக்தி என்று எழுதிவிட்டு, அதோடு பூர்வகுடி மக்களின் பங்கு தீர்ந்துவிட்டதைப் போல நிறுத்தியிருந்தேன். அது தவறு. தொடங்கிவைத்தவர் யாராக இருந்தாலும், 1810-இல் விடுதலைப் போரைத் தொடங்கிய குரு இதால்கோ அன்னையின் படத்தைக் கொடியாக ஏந்தியபோது பின்னால் நடந்த கூட்டத்தில் பெரும்பான்மையோர் பூர்வகுடியினரும் கலப்பின உழவர்களும்தாம். நூறு ஆண்டுகள் கழித்து மெக்சிகோ புரட்சியில் நிலத்துக்காகப் போரிட்ட தலைவர் சபாத்தாவின் உழவர்களும் அதே உருவத்தை ஏந்தினார்கள். பிறர் எழுதிய கதையை யாரும் அவ்வளவு காலம் உயிரைக் கொடுத்துச் சுமக்க மாட்டார்கள்.

நஹுவாத் மொழி வாசகர்:

தம்பிக்கு நன்றி. ஆசிரியை அம்மா, வகுப்பில் நேரம் குறைவாக இருந்தால் டிசம்பர் 12 விடியற்காலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹுவான் தியேகோவின் சிற்றப்பா ஹுவான் பெர்னார்தினோ நோயில் வீழ்ந்து சாகும் நிலையில் இருக்கிறார். கதை அந்த நோய்க்குத் தரும் பெயர் கொகோலிஸ்த்லி. 1545-இலும் 1576-இலும் ஊர் ஊராக மக்களை அள்ளிச் சென்ற கொள்ளைநோய்களையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள்; கேட்டவர் எவருடைய வீட்டிலும் அச்சொல் ஒரு சாவையேனும் நினைவூட்டியிருக்கும். குருவை அழைத்துவர ஓடும் ஹுவான் தியேகோ, அன்னை கண்டால் நிறுத்திவிடுவாரே என்று அஞ்சிக் குன்றைச் சுற்றி வேறு வழியில் போகிறார். அன்னை இறங்கி வந்து வழியில் எதிர்ப்படுகிறார். வெட்கிப்போன அவர், நன்றாகத் துயின்று எழுந்தீர்களா, உடல் நலம்தானா என்று விசாரிக்கிறார். பிறகுதான் அழுகையோடு சிற்றப்பாவின் நிலையைச் சொல்கிறார். உன் தாயாகிய நான் இங்கே இல்லையா என்று அன்னை கேட்ட கேள்வி அப்போது பிறந்தது. 1976-இல் திறக்கப்பட்ட புதிய பெருங்கோவிலின் வாயிலுக்கு மேல் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டிருப்பதும் அதுவே.

ஆயர் பூக்களையும் மேலாடையையும் கண்டு முழந்தாளிடுகிறார். ஆனால் கதையில் அந்த உருவம் எந்தப் பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பது அப்போதும் அவருக்குத் தெரியாது. அதை அன்னை சொல்லிவிட்டுப் போனது, பாயில் கிடந்து பிழைத்தெழுந்த ஹுவான் பெர்னார்தினோவிடம். நகருக்கு அழைத்துவரப்பட்ட அந்த முதியவர் ஆயரின் முன் நின்று பெயரைச் சொன்னார். ஆலயம் எழும்பும்வரை சிற்றப்பாவையும் ஹுவான் தியேகோவையும் ஆயர் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார்.